ஓவர்டிரைவ் விளக்கும் அஞ்செட்டி இறக்கமும்

ஓசூரில் ஆக்டிங் டிரைவருக்கு வேலை குறைவதே இல்லை. சொந்தமாகக் கார் வைத்திருப்பவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கும். அல்லது இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு அப்படியே ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அன்றைக்கு மட்டும் ஓட்ட ஓர் ஆள் வேண்டும். வண்டி அவர்களுடையது, கை மட்டும் வாடகை.

முனிராஜ் அப்படிக் கை வாடகைக்குப் போகிறவர். காவேரிப்பட்டினத்துக்காரர், நாற்பத்தெட்டு வயது. ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பஞ்சர் கடையை ஒட்டிப் போட்டிருக்கும் இரும்பு பெஞ்சுதான் அவரும் அவரைப் போன்ற டிரைவர்களும் காத்திருக்கும் இடம். தெரியாத வண்டியில் ஏறினால் உடனே சாவியைத் திருப்ப மாட்டார். பெடல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார், கண்ணாடிகளைத் திருத்துவார், பிறகு வண்டிக்காரரிடம் கேட்பார்:

"வண்டிக்கு ஏதாச்சும் பழக்கம் இருக்குதுங்களா?"

இது அந்தப் பெஞ்சில் இருக்கும் எல்லாரும் கேட்கும் கேள்விதான். மூன்றாவது கியர் முரண்டு பிடிக்கும், இடப்பக்கக் கண்ணாடியை இறக்கினால் ஏறாது என்று ஏதாவது பதில் வரும். மற்றவர்கள் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். முனிராஜ் மறக்க மாட்டார். அதனால் அவரை ஒரு முறை கூப்பிட்டவர்கள் மறுபடியும் அவரையே கேட்பார்கள்.

ஒரே ஒரு சங்கதி. மலைப்பாதைக்கு அவர் வரமாட்டார். சென்னை, மதுரை, மைசூரு எங்கே வேண்டுமானாலும் வருவார். ஏற்காடு, ஊட்டி, அஞ்செட்டி என்றால் எழுந்து டீக்கடைப் பக்கம் போய்விடுவார்.

பெஞ்சுக்கு வரும் போன்களை எடுத்து யார் எந்த டியூட்டிக்குப் போவது என்று பிரித்துவிடுகிறவர் மதுரைவீரன். முனிராஜுக்கு மலை டியூட்டியை அவர் கொடுத்ததே கிடையாது. ஆனால் கேட்காமலும் விட்டதில்லை.

"ஏற்காடு ஒண்ணு வந்துகீது. யார்ரா போறீங்க? முனிராஜு, நீ போறியா?"

"போடா வேலயப் பாத்துகிட்டு."

"அதான பாத்தன். ரோட்ட இஸ்திரி போட்டுக் குடுத்தாத்தான் ஐயா ஓட்டுவாரு."

பெஞ்சு சிரிக்கும். முனிராஜும் சிரித்துவிடுவார். மதுரைவீரன் வலது காலைச் சாய்த்து வைத்து நடப்பதற்கும், முனிராஜ் இந்தக் கேலிக்குத் திருப்பிக் கொடுக்காததற்கும் சம்பந்தம் உண்டு என்பது அங்கே சிரிக்கும் இளைய டிரைவர்களுக்குத் தெரியாது.

அதற்குப் பல வருடங்களுக்கு முன், முனிராஜ் லோடு வேன் ஓட்டினார். மதுரைவீரன் அந்த வேனில் லோடுமேன். இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலுக்குத் தட்டிவிடுவது அன்றைக்கு அந்தப் பக்கத்து டிரைவர்களுக்கெல்லாம் பழக்கம். என்ஜின் சும்மா கிடக்கும், வண்டி தன் எடையிலேயே இறங்கும், டீசல் மிச்சமாகும். மிச்சம் பிடிக்கிறவன்தான் கெட்டிக்கார டிரைவர். சிமெண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு அஞ்செட்டிக்குப் போன நாளிலும் தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டுக்குள் இறங்கத் தொடங்கியதும் முனிராஜ் நியூட்ரல் அடித்தார். பாதி இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கியருக்குள் தள்ளப் பார்த்தார். அந்த வேகத்தில் பல் சேரவில்லை, கத்தியது. "குதிச்சிர்ரா" என்று கத்தினார். மதுரைவீரன் குதித்தார். முனிராஜ் வேனை மலைப் பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய் முட்டவிட்டார். அவருக்கு ஒரு கீறல் இல்லை. மதுரைவீரனுடைய கணுக்கால் எலும்பு கோணலாகத்தான் கூடியது.

இது குறித்து மதுரைவீரன் அவரை ஒரு சொல் குறை சொன்னதில்லை. கேலி மட்டும்தான். குறை சொல்லியிருந்தால் பதில் சொல்லியாவது தீர்த்திருக்கலாம் என்று முனிராஜ் சில சமயம் நினைப்பார்.

வேனை விட்ட பிறகு அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். வால்வு கடையும் லைன். அங்கே ஒவ்வொரு மெஷினின் தலையிலும் மூன்று விளக்குகள். பச்சை எரிந்தால் ஓடுகிறது. சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது. மஞ்சள்தான் ஆபரேட்டருக்கு உயிர். இன்னும் நிற்கவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ஓடிப்போய் என்னவென்று பார்த்து அதை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் சிவப்பாகும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் வருவார். வருடக்கணக்கில் அதே வேலை. மஞ்சள் எரிந்தால் யோசிப்பதற்குள் கை போய்விடும். கான்ட்ராக்ட் முடிந்து அவர் மறுபடி ஸ்டீயரிங்குக்குத் திரும்பியபோது அந்தக் கையையும் கூடக் கொண்டுவந்தார்.

அனுப்ரியாவின் காருக்கு அவர் போனது இந்த வருடம் தை பிறந்ததும். அனுப்ரியா சூளகிரிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த பாலிஹவுஸ் போட்டு ரோஜா வளர்க்கிறவர். முப்பத்தாறு வயது. ஈரத் தரையில் வழுக்கி இடது மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டுப் போட்டிருந்தார். அவரிடம் இருப்பது முப்பது வருடப் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, ஆட்டோமேட்டிக் கியர். பெங்களூரில் ஒருவரிடம் வாங்கி, துரு எடுத்து, தாமே நிறம் தேர்ந்து அடித்தது. கட்டுப் போட்ட கையால் கியர் குச்சியைப் பிடிக்க முடியாது என்பதால்தான் ஆள் தேடினார். முனிராஜுக்கு முன் வந்த இரண்டு டிரைவர்கள் அந்தக் காரை ஓட்டிய விதத்தில் கட்டுப் போட்ட கையே தேவலை என்று தோன்றியிருந்தது.

முனிராஜ் ஏறி உட்கார்ந்து, இரண்டே இரண்டு பெடல்களையும் அழுத்திப் பார்த்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நெறைய பழக்கம் இருக்குண்ணா," என்றார் அனுப்ரியா. "மேடு ஏறினா தடுமாறும். அப்ப இந்தக் குச்சியில கட்டைவிரல் படுற எடத்துல ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அத அமுக்கணும். மேடு முடிஞ்சா மறுபடி அமுக்கணும். வித்தவர் சொன்னது அவ்ளோதான்."

"அமுக்கினா என்னாகுங்க மேடம்?"

"முன்னாடி ஒரு மஞ்ச லைட் எரியும்."

முனிராஜ் கொஞ்சம் யோசித்தார். "எரியலாங்களா?"

"எரியட்டும்ணா. எரியத்தான வெச்சிருக்கான்."

அந்தக் காருக்கு நாலு கியர். நாலாவதுக்குப் பெயர் ஓவர்டிரைவ். பெயரைக் கேட்டால் அதில்தான் பலம் அதிகம் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. அந்த கியரில் என்ஜின் ஒரு சுற்று முடிப்பதற்குள் சக்கரத்துக்குப் போகும் தண்டு ஒரு சுற்றைத் தாண்டிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ஓட்டத்தில் வைத்திருக்க அது போதும். சமதரையில் என்ஜின் அலட்டிக்கொள்ளாது, பெட்ரோலும் மிஞ்சும். எடையை இழுக்க அது போதாது. பட்டனை அமுக்கினால் நாலாவது கியருக்குப் போகும் வழி அடைபடும், வண்டி மூன்றுக்கு மேல் போகாது. அதைச் சொல்லத்தான் 'ஓ.டி. ஆஃப்' என்று மஞ்சள் விளக்கு எரிகிறது.

முதல் வாரத்தில் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சென்னை நெடுஞ்சாலையிலுள்ள மேலுமலை ஏற்றம் வந்தது. லாரிகள் இடது ஓரத்தில் புகை கக்கிக்கொண்டு ஏறின. கார் நாலிலிருந்து மூன்றுக்கு விழுந்தது; கொஞ்சம் வேகம் கூடியதும் நாலுக்குப் போனது; போன உடனே மூச்சு வாங்கி மறுபடி மூன்றுக்கு வந்தது. தொட்டிலுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"பட்டன்ணா."

முனிராஜ் அமுக்கினார். தடுமாற்றம் நின்றது. என்ஜின் ஒரே குரலில் ஏறத் தொடங்கியது. அனுப்ரியா பையிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்ன ஆரம்பித்தார். சற்று நேரத்தில் மறுபடி தொட்டில் ஆடியது. எட்டிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை.

"யாருண்ணா லைட்ட அணைச்சது?"

"நான் இல்லீங்க மேடம்."

"அப்ப நானா? எனக்கு இருக்கிறதே ஒரு கை. அதுலயும் முறுக்கு இருக்கு."

முனிராஜ் தம் இடது கையைப் பார்த்தார். கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது.

அனுப்ரியா விழுந்து விழுந்து சிரித்தார். முனிராஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கம்பெனி விளக்கைப் பற்றிச் சொன்னார். "மஞ்சளாச்சுன்னா கை நிக்காதுங்க மேடம். அதுவும் ஆஃப்னு எழுதி எரியுது. எதையோ ஆஃப் பண்ணி வெச்சுட்டு ஓட்டற மாதிரி இருக்குது."

"சரி, ஓசூர் போற வரைக்கும் நான் சொல்லாம அத தொடக்கூடாது. பெட்டு."

அந்த உத்தரவால்தான் அவருக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. ஏற்றம் முடிந்து ஒரு சிறு இறக்கம் வந்தது. விளக்கை அணைக்க அனுமதியில்லை. இறக்கம்தானே என்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வழக்கம்போல் பிரேக்குக்குக் கொண்டுபோனார். பிரேக் தேவைப்படவில்லை. யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டது போல், எழுபதில் போனது எழுபதிலேயே போனது.

மறுநாள் கிருஷ்ணகிரிக்குப் பூப்பெட்டி விஷயமாகப் போகும்போது மேலுமலையின் நீண்ட இறக்கத்தில் விளக்கு எரியாமல் காலை எடுத்தார். எழுபது எண்பதாகி, தொண்ணூறைத் தொடப் பார்த்தது. பிரேக் போட்டு எழுபதுக்குக் கொண்டுவந்து பட்டனை அமுக்கினார். என்ஜின் சுற்றைக் காட்டும் ஊசி மேலே ஏறி நின்றது, வேகமுள் அசையவில்லை. அதற்கப்புறம் எப்போது அந்தப் பக்கம் போனாலும் அதே இடத்தில் இரண்டு விதமாகவும் பார்த்தார். மழைத் தூறலில் பார்த்தார். பின்சீட்டில் பூப்பெட்டிகள் இருந்த நாளில் பார்த்தார். வேகம் அதிகமாக இருக்கும்போது அமுக்கினால் வண்டி முகத்தைச் சுளிக்கிறது, பிரேக்கால் முதலில் அடக்கிவிட்டுத்தான் அமுக்க வேண்டும் என்று கண்டுகொண்டார். வளைவுக்குள் நுழைந்த பிறகு அமுக்கக் கூடாது, நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்றும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் பிடிக்காது, இறக்கத்தில் பிரேக்கை நம்பித்தான் போக வேண்டும் என்று பெஞ்சில் எல்லாரும் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். அது பிடிக்கிறது. யாராவது பிடிக்கச் சொன்னால் பிடிக்கிறது.

அனுப்ரியாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்பட்டார். "நான் இத்தன வருஷமா எறக்கத்துல பிரேக்கயே அமுக்கிட்டிருக்கேன். ஏத்தத்துக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

"எறக்கத்துக்குத்தாங்க மேடம் அது மொதல்ல வேணும்."

ஊசி மேலே நிற்கிறதே, பெட்ரோல் குடிக்காதா என்ற சந்தேகம் இரண்டு பேருக்கும் இருந்தது. பெங்களூரில் அந்தக் காரைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் அனுப்ரியா போனில் கேட்டார். கால் எடுத்துவிட்டால் ஊசி எங்கே நின்றாலும் பெட்ரோல் போகாது என்றார் அவர். மேட்டில் மூன்றுக்கும் நாலுக்குமாகத் தாவ விடுவதுதான் கெடுதல், உள்ளே எண்ணெய் கொதித்துப் பழைய கியர்பாக்ஸைத் தின்றுவிடும் என்றும் சொன்னார். ஊருக்குள் அந்தப் பட்டனுக்கு வேலையே இல்லை, அந்த வேகத்தில் நாலாவது விழாது. சூளகிரி தாண்டி நேர் ரோட்டில் விளக்கை அணைத்துவிட வேண்டியதுதான், அங்கே ஓவர்டிரைவுக்கு நிகர் எதுவுமில்லை. இவ்வளவும் இரண்டு பேரும் சேர்ந்து தெரிந்துகொண்டது.

மாசியில் சரோஜம்மாள் பத்திரிகை கொண்டுவந்தார். பாலிஹவுஸில் பூக்களை நீளம் பார்த்துத் தரம் பிரிப்பவர்; அஞ்செட்டிக்குக் கீழே சொந்த ஊரில் வீடு கட்டி முடித்திருந்தார்.

"புதுவீட்டுக்கு நீங்க வரணுங்க மேடம். அந்தக் கார்லதான் வரணும். எங்க ஊட்டுப் புள்ளைங்ககிட்ட தரையில தவழ்ற காருன்னு சொல்லிகீறன், ஒருத்தரும் நம்பல."

அனுப்ரியா வருவதாக வாக்குக் கொடுத்தார். அன்று மாலை காரில் ஏறியதும் முனிராஜிடம் தேதியைச் சொன்னார். முனிராஜ் சாவியைத் திருப்பவில்லை.

"அன்னிக்கு வேற டிரைவர அனுப்பிடறனுங்க மேடம்."

"ஏன்ணா, ஊருக்குப் போறீங்களா?"

"இல்லீங்க. அந்த ரோடு நமக்கு ஆவாது. இல்லன்னா ஒண்ணு பண்ணலாம். தருமபுரி போயி, பென்னாகரம் போயி, ஒகேனக்கல் வழியா நாட்றாம்பாளையம் வந்து பின்பக்கமா அஞ்செட்டிக்கு வந்துடலாம்."

"அண்ணா, அது அரை நாள் சுத்து. அந்த வழியில மட்டும் மலை இல்லியா?"

முனிராஜ் ஏற்கெனவே சரியாக இருந்த கண்ணாடியைத் திருத்தினார்.

"வேற டிரைவர் வேணாம். ரெண்டு பேர் செஞ்ச வேல போதும் இந்த வண்டிக்கு. நான் பஸ்ல போய்க்கறேன்," என்றார் அனுப்ரியா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால் முனிராஜுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. மாவுக்கட்டுக் கையோடு பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவுகளில் அவர் நிற்பதை நினைத்துப் பார்த்தார். பிறகு சிமெண்டு வேனைப் பற்றிச் சொன்னார். நியூட்ரல் அடித்ததையும் சொன்னார். அதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிரேக் போய்விட்டது என்று மட்டும்தான் ஊருக்குத் தெரியும். மதுரைவீரனுக்குத் தெரியும், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அனுப்ரியா முழுவதையும் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு கியர்ல இருந்திருந்தா?"

"ஒழுங்கா எறங்கியிருக்கும்."

"இந்தக் கார நீங்க நியூட்ரல்ல விடுவீங்களா?"

"சாமி சத்தியமா மாட்டன்."

"அப்ப எனக்குப் பயமில்லண்ணா. உங்களுக்கு இருந்தா சொல்லுங்க, பஸ்ல போறேன். ரெண்டுல எதுன்னாலும் சரி."

முனிராஜ் சாவியைத் திருப்பினார். சனிக்கிழமை பெஞ்சில் மதுரைவீரன் டியூட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, "நாளைக்கு எனக்கு ஒண்ணும் போடாத, அஞ்செட்டி போறன்" என்றார். மதுரைவீரன் போனைக் காதிலிருந்து எடுத்தார். ஒரு கேலியும் வரவில்லை. "எந்த வண்டி?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். தேன்கனிக்கோட்டை வரை ஓவர்டிரைவில் சுகமாக ஓடியது. ஊர் தாண்டியதும் ராகிக் கொல்லைகள் முடிந்து காடு தொடங்கியது. வனத்துறை ஆள் ஒருவர் கை காட்டி நிறுத்தி, குனிந்து காருக்குள் பார்த்து, "முந்தே ஆனே இதே, நிதானா ஹோகி" என்றார். யானை நிற்கிறது, மெல்லப் போங்கள் என்று. முனிராஜ் கன்னடத்திலேயே சரி என்று சொல்லிவிட்டு, அங்கேயே, சமதரையில் நிற்கும்போதே பட்டனை அமுக்கினார். மஞ்சள் எரிந்தது.

இறக்கம் தொடங்கியது. காலை எடுத்தார். கார் பிடித்துக்கொண்டது. முதல் வளைவை பிரேக்கை லேசாகத் தொட்டு இறங்கினார், இரண்டாவதையும் அப்படியே. யானை ரோட்டை விட்டு உள்ளே போயிருந்தது. ஒடித்துப் போட்ட மூங்கில் மட்டும் கிடந்தது. மூன்றாவது வளைவு தாண்டி ஒரு நேர்பாதை வந்தது. மண்மேட்டில் முட்டின இடம் அதற்கடுத்த வளைவு. முனிராஜின் கண் அந்த வளைவைத் தேடிக்கொண்டிருந்தது.

திடீரென்று கார் இலகுவாயிற்று. என்ஜின் சத்தம் அடங்கியது, வண்டி தானாக முன்னால் பாய்ந்தது. கயிறு அறுந்தது போல இருந்தது. பிரேக் போய்விட்டதென்று அவர் உடம்பு முடிவு செய்துவிட்டது. பெடலை இரண்டு காலாலும் மிதித்தார். பிரேக் இருந்தது, நன்றாகவே இருந்தது. கார் குலுங்கி, ரோட்டோரம் பாறையை ஒட்டிக் கிடந்த அகலத்தில் நின்றது.

முனிராஜ் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"என்னண்ணா ஆச்சு?"

அவர் முன்னால் பார்த்தார். மஞ்சள் விளக்கு எரியவில்லை. இடது கையைப் பார்த்தார். கட்டைவிரல் பட்டன் மேலே இருந்தது.

"நான்தாங்க மேடம்," என்றார். "நான்தான் அணைச்சிருக்கறன். நேர்பாதை வந்துச்சு, மஞ்சள் கண்ணுல பட்டுச்சு. கை போயிருச்சு." பட்டனிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "சொன்னனே, எனக்கு ஆவாதுன்னு. பஸ் வருங்க. இங்கயே நிறுத்தி ஏத்தி உட்டுடறன்."

அனுப்ரியா சீட் பெல்ட்டை அவிழ்த்தார். இறங்கப்போகிறார் என்றுதான் முனிராஜ் நினைத்தார். அவர் இறங்கவில்லை. நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் உரித்தெடுத்தார். பெரிய மெரூன் பொட்டு, விசேஷத்துக்கென்று வைத்தது.

"பட்டன அமுக்குங்க."

அமுக்கினார். விளக்கு எரிந்தது. அனுப்ரியா குறுக்கே சாய்ந்து, ஸ்டீயரிங் வளையத்துக்குள் கையை விட்டு, பொட்டை விளக்கின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார். மஞ்சள் மறைந்தது.

"எரியுதா?"

"தெரியல மேடம்."

"தெரிய வேணாம். வண்டி பிடிக்குதா இல்லியான்னு மட்டும் பாருங்க. அது உங்களுக்குத் தெரியும்." பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "வெறும் நெத்தியோட விசேஷத்துக்கு வந்தியான்னு சரோஜம்மா கேப்பாங்க. டிரைவருக்குக் குடுத்துட்டேன்னா சொல்ல முடியும்?"

முனிராஜுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து கண்ணில் நீரும் வந்தது. துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ஒன்றும் வரவில்லை. காலை பிரேக்கிலிருந்து எடுத்தார்.

கார் நகர்ந்தது, வேகம் கூடியது, கூடி ஓர் இடத்தில் நின்றது. என்ஜின் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டு எடையைத் தாங்கியது. விளக்கு இல்லாமல் காதாலும் இடுப்பாலும் கேட்டு ஓட்ட வேண்டியிருந்தது. அது அவருக்குப் பழகிய வழி. கம்பெனிக்குப் போவதற்கு முன் அவர் ஓட்டியதெல்லாம் அப்படித்தான். அந்த வளைவு வந்தது. சரிவு அங்கே அதிகம், மூன்றாவது கியர் போதவில்லை என்று இடுப்புக்குத் தெரிந்தது. வளைவுக்கு முன்பே பிரேக்கால் வேகத்தை அடக்கி, குச்சியை ஒரு படி இழுத்து இரண்டில் வைத்தார். கார் முணுமுணுத்துக்கொண்டு வளைவைச் சுற்றி வந்தது. மண்மேட்டில் இப்போது உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. எந்த இடம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தார். வளைவை முடித்த பிறகுதான் பார்க்கவில்லை என்று உணர்ந்தார்.

சரோஜம்மாள் வீட்டு வாசலில் பிள்ளைகள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். அனுப்ரியாவின் நெற்றியைப் பார்த்ததும் சரோஜம்மாள் ஒன்றும் கேட்கவில்லை; உள்ளே இழுத்துப் போய்க் குங்குமம் வைத்துவிட்டார். முனிராஜ் இலையில் உட்கார்ந்து இட்லியும் கேசரியும் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு, புளியமரத்தடிக்குப் போய் மதுரைவீரனுக்குப் போன் செய்தார்.

"எறங்கிட்டன்டா."

"எங்க?"

"அஞ்செட்டி தாண்டி, சரோஜம்மா ஊட்டாண்ட."

போனில், பெஞ்சுக்குப் பக்கத்தில் யாரோ பஞ்சர் டயரைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"நியூட்ரல்லயா?" என்றார் மதுரைவீரன்.

"செருப்பால அடிப்பன்."

மதுரைவீரன் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "அந்த வளைவு இன்னும் அப்படியே இருக்குதா?"

"செடி மொளச்சி கெடக்குது. ஏன், உன் மாமியார் ஊடு நாட்றாம்பாளையம்தான? நீ பாத்ததில்லியா?"

"எங்க பாக்கறது." மதுரைவீரனின் குரல் தணிந்தது. "அன்னையிலருந்து நான் அந்தப் பக்கம் போகவே இல்லடா. ஊட்டுக்காரி மட்டும் போயிட்டு வருவா. கால் வலிக்குதுன்னு சொல்லியே ஓட்டிட்டன். பஸ்ல ஏறினா குதிக்கத் தோணும் எனக்கு."

இத்தனை வருடம் தம்மை மலைக்குப் போகிறாயா என்று கேட்டுக் கேலி செய்தவர் யாரைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் முனிராஜுக்கு விளங்கியது.

"வீரா."

"சொல்லு."

"சித்திரையில உன் மாமியார் ஊர்ல திருவிழா வருமில்ல?"

"வரும்."

"நான் ஓட்டறன். வரியா?"

"எந்த வண்டியில?"

"எதுவா வேணா இருக்கட்டும். கியர்லயே எறக்கறன். மொதல்ல மேலுமலையில ஒருவாட்டி எறக்கிக் காட்டறன், பாத்துட்டு அப்பறம் சொல்லு."

"ஜன்னல் ஓரமா உக்கார மாட்டன்," என்றார் மதுரைவீரன்.

"நடுவுல உக்காரு. யாரு வேணான்னது?"